இசை கேட்போர் சங்கம்: 2005–06 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. ஆயுத பூஜையும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. பழைய இசைத்தட்டுகளுக்குப் புது உறை போட்டாயிற்று. அலமாரிக்குப் பூட்டு மாற்றப்பட்டது.

மீதி ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டது 'திருவாசகம்' ஒலித்தட்டுதான். 1976இல் அன்னக்கிளியில் தொடங்கிய இளையராஜா, தமது 62ஆம் வயதில் புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழுவோடு மாணிக்கவாசகரைத் தாமே பாடி, கடந்த ஜூன் கடைசியில் வெளியிட்டார். திருவாசகத்தை இப்படிப் பாடலாமா கூடாதா என்று ஜூலைக் கூட்டத்திலேயே சங்கம் இரண்டுபட்டது. அன்று பேசியவர்களில் ஆறு பாடல்களையும் முழுதாகக் கேட்டிருந்தவர் நான்கு பேர். இதைக் குறையாகச் சொல்லவில்லை; அடுத்து நடந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இதுதான் என்பதால் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்டில் முழுக் கேட்பு அமர்வு வைத்தோம். அதன் முறையை விரிவாகச் சொல்கிறேன், இனி வருபவர்களுக்கு உதவும். ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையிலிருந்து வெளியே இழுத்து, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு மூன்றடி ஸ்டூல் மேல், ஆறடி இடைவெளியில் வைத்தோம். மூலையில் கிடந்தபோது தாழ்ஸ்வர வாத்தியங்கள் அதிர்ந்து பாடல் வரியை மூடிவிட்டன. ஒலியளவை மென்மையான இடத்தைக் கேட்டு வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் முழு வாத்தியமும் கோரஸும் (கூட்டுக்குரல்) சேரும்போது ஸ்பீக்கர் பிளிறும். உடனே யாராவது எழுந்து குறைப்பார்கள். இசையமைத்தவர் கட்டிய ஏற்றம் அங்கேயே செத்துப்போகும். உச்சமான இடத்தை முதலில் ஓடவிட்டு அதற்கு அளவு வைத்து, பிறகு குமிழைத் தொடாமல் விட வேண்டும். மெல்லிய இடங்கள் மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கும் என்பதால் நான்கு விசிறிகளையும் நிறுத்தினோம். வியர்வையில் உட்கார வைத்ததாக எழுந்த புகாருக்குச் செயலாளர் தரும் பதில் இது.

எதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். சிலர் நண்பர் கொடுத்த 128 கேபிபிஎஸ் எம்பி3 நகலைக் கேட்டுவிட்டு, "வயலின்கள் தகரம்போல் இருக்கின்றன" என்றார்கள். அந்த அளவுச் சுருக்கத்தில் மேல்ஸ்தாயி அதிர்வுகள் வெட்டுப்படும். பல கருவிகளும் கோரஸும் ஒன்றாக ஒலிக்கும் இடம் குழம்பிவிடும். கேசட் கேட்டவர்கள் 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கியிருக்கிறது என்றார்கள். பிளேயரில் நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டைத் துடைத்து, அதன் சாய்வைச் சரிசெய்யும் திருகைக் கால் சுற்றுத் திருப்பியதும் அந்தக் குறை பாதி போயிற்று.

எல்லோர் கையிலும் மூலப் பாடல் தாள் கொடுத்தோம். வாதம் உருப்பட்டது அதற்குப் பிறகுதான். தொகுப்பு யாத்திரைப்பத்தில் ('பூவார் சென்னி மன்னன்') தொடங்குகிறது. நூலில் அது 45ஆவது பதிகம். முதலாவதான சிவபுராணத்திலிருந்து எடுத்த 'பொல்லா வினையேன்' இங்கே இரண்டாவதாக வருகிறது. பிறகு திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம். கடைசியில் 'புற்றில்வாழ் அரவும் அஞ்சேன்' என்ற அச்சப்பத்து. வரிசையைக் கலைத்துவிட்டார் என்றது ஒரு தரப்பு. 'போவோம் காலம் வந்ததுகாண்' என்று புறப்பட்டு, பிறவிகளை எண்ணி இளைத்து, அஞ்சாமையில் போய் நிற்கும் வரிசை இது என்றது மறுதரப்பு. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர்கள் பெரும்பாலும் மறுதரப்புக்கு வந்தார்கள்.

ஓதுவார்கள் மோகன ராகத்தில் பாடக் கேட்டு வளர்ந்தவர்களின் எதிர்ப்பு வேறு வகை, அதை லேசாக ஒதுக்க முடியாது. ஓதும் முறையில் சொல் முன்னே நிற்கும், பண் பின்னே வரும். இங்கே வாத்தியம் எழும்போது 'ஒருப்படுமின்' போன்ற சொற்கள் காதில் பிடிபடுவதில்லை. திருப்பொற்சுண்ணம் பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் சொன்னது அவையை அமைதியாக்கியது. அங்கே சைவர் வீட்டு இறுதிச் சடங்கில் அதைப் பாடித்தான் வாசனைப் பொடியான சுண்ணம் இடிப்பார்கள்; அதனால் அவருக்கு அது கொண்டாட்டமாகக் கேட்கவில்லை. 'பொல்லா வினையேன்' நடுவே அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள் வருவதை இரு தரப்பிலுமே பலர் ஏற்கவில்லை.

தொகுப்புக்குச் சூட்டிய சிம்பொனி என்ற சொல்தான் வீண் சண்டைக்கு வித்திட்டது. சிம்பொனி என்பது பெரும்பாலும் வாத்தியக்குழு மட்டும் வாசிக்க, பல பாகங்களாக எழுதும் இசை. சமயப் பாடல், தனிக்குரல், கோரஸ், வாத்தியக்குழு நான்கும் சேர்ந்தால் மேற்கில் அதற்கு ஆரட்டோரியோ என்று பெயர். 1742இல் டப்ளினில் அரங்கேறிய ஹாண்டலின் மெசையா அந்த வகை. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் (1824) கோரஸ் இருக்கிறதே என்று எதிர்வாதம் வந்தது. இருக்கிறது, ஆனால் நான்காம் பாகத்தில் மட்டும். பெயரை ஆரட்டோரியோ என்று வைத்துக்கொண்டு கேட்டால் தொகுப்புக்கு எந்தக் குறையும் வராது என்பது என் கருத்து.

இளையராஜாவின் குரலைப் பற்றியும் என் கருத்தைப் பதிவு செய்கிறேன். தேர்ந்த பாடகரின் மெருகு அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் 'பொல்லா வினையே'னில், 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்ற வரிக்கு மெருகு எதற்கு? களைத்துப்போன ஓர் உயிர் முறையிடும் இடம் அது. அந்தக் குரல் அங்கே சரியாகப் பொருந்தியிருக்கிறது.

சங்கத்தின் ஒலித்தட்டை இரவல் வாங்கிய ஒருவர் கீறலோடு திருப்பித் தந்திருக்கிறார். அடிப்பக்கக் கீறலை ஓரளவு தேய்த்துச் சரிசெய்யலாம். எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்தில் விழுந்தால் அதற்கு மருந்தில்லை, ஒளியைத் திருப்பும் பூச்சு அந்த அச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். இப்போதைய தட்டு ஐந்தாம் பாடலில் தாவுகிறது.

கணக்கு பொருளாளரிடம் உள்ளது. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். ஸ்டூல், தாள் நகல், வாடகை ஆகியவை போகக் கையிருப்பு சொற்பம். உறுப்பினர் 64 பேர், ஆண்டுச் சந்தா 120 ரூபாய், கட்டியவர்கள் 37 பேர். ஆகஸ்ட் அமர்வுக்கு வந்தவர்கள் 29 பேர். ஜூலையில் உரக்கப் பேசியவர்களில் மூவர் அன்று வரவில்லை, சந்தாவும் கட்டவில்லை. பெயர் சொல்லவில்லை; ரசீதுப் புத்தகத்தில் எண்கள் இருக்கின்றன.

கூடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஆம்ப்ளிபயர் தந்த உறுப்பினருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் பிரிவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இதே ஆறு பதிகங்களையும் ஓதுவார் ஒருவரை அழைத்து மோகனத்தில் பாடக் கேட்டு, அதே மாலையில் ஒலித்தட்டையும் ஓடவிட எண்ணம். ஓதுவாருக்கு மரியாதை செய்ய வேண்டும், புதுத் தட்டு ஒன்று வாங்க வேண்டும். நிலுவையில் உள்ள 27 சந்தாவும் வந்தால் இரண்டும் நடக்கும். வராவிட்டால் தாவும் தட்டைத்தான் மறுபடி போட வேண்டியிருக்கும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. பொருளாளர் எட்டு மணி வரை அங்கே இருப்பார்.

செயலாளர்