கிழநரியும் எட்டு லட்டும்

அன்புள்ள முத்து,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான், பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்திலிருந்து ஒரு மாற்றமும் இல்லை. அம்மா முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது வாசல் வரை நடக்கிறார். பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்குத் தடை.

செய்யுள் பக்கத்தைத் திறந்தாலே பிள்ளைகள் கொட்டாவி விடுவதாக எழுதியிருந்தாய். விடத்தான் செய்வார்கள். பாட்டு முடிவதற்குள் 'சொற்பொருள் எழுதிக்கொள்ளுங்கள்' என்று நாமே ஆரம்பித்துவிட்டால் வேறென்ன நடக்கும்?

என் வகுப்பு உனக்குத் தெரிந்ததுதான். பாதிப் பேரின் அப்பா அம்மா பனியன் கம்பெனியில் வேலை. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கு முதலில் நம் பாட்டிமார் சொன்ன நரியைத்தான் அவிழ்த்துவிட்டேன். "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒரு முடி நரைமுடி." எழுதிப் போடவில்லை, வேகமாகச் சொல்லிக் காட்டியதோடு சரி. உள்ளூர்ப் பையன்கள் 'கிளநரி', 'நரமுடி' என்று உருண்டுகொண்டிருக்க, பீகார்ச் சிறுமி ஒருத்தி பிசகாமல் சொல்லி முடித்தாள். அப்போது அவளுக்குத் தமிழ் எழுத்து பாதிகூடத் தெரியாது. காதால் மட்டும் பிடித்துக்கொண்டதால் ழகரம் சுத்தமாக வந்தது போலும். அன்று முழுக்க மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்று, 'இன்னொரு வாட்டி சொல்லு' என்று பிடுங்கி எடுத்தார்கள். அதுவரை யாரிடமும் வாய் திறக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் அவள்.

அப்புறம் அழ. வள்ளியப்பாவின் தட்டும் லட்டும். உனக்கே மனப்பாடமாக இருக்கும். எட்டு லட்டில் பாதி கிட்டுவுக்கு, மீதி தங்கை பட்டுவுக்கு, கடைசியில் காலித் தட்டு. மனிதர் வங்கியில் வேலை பார்த்தவர், கணக்கு இடிக்காமல் தீர்த்துவிட்டார். பாட்டு முடிந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளேதான் அதை நீட்டினார்கள். 'அம்மா வந்து பாத்தா என்ன ஆகும்?' என்றான் ஒருவன். 'அம்மா கையில் பிரம்பு' என்று ஒரு வரி வந்தது. 'அது சேரல' என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடைசியில் 'அம்மா வைத்தாள் குட்டு' என்று முடித்தார்கள். அடிகளின் கடைசி ஓசை ஒத்துவருவதை இயைபு என்று நாம் இலக்கணத்தில் நடத்துகிறோமே, அதை அவர்கள் காதே சரிபார்த்துவிட்டது. பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவசரமில்லை.

ஐந்தாம் வகுப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாட்டைக் கொண்டுவந்தேன். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) தோட்டத்துப் பொம்மையைப் பார்த்துப் பாடியது. "கத்தரித் தோட்டத்து மத்தியிலே நின்று காவல் புரிகின்ற சேவகா" என்று ஏதோ நிஜக் காவல்காரனிடம் பேசுவது போலவே தொடங்கும். யாரிடம் பேசுகிறார் என்று நான் சொல்லவில்லை. முகத்தையும் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அடுத்த வரிகளுக்குப் போனேன். கூலியும் வாங்காமல் உன்னைப்போல் வேலை செய்பவன் வேறு யார் என்று கேட்கும் இடம் வந்ததும் வகுப்பில் ஒரே கலவரம். 'சனிக்கிழமை சம்பளம் இல்லையா சார்?' 'ஓவர்டைமுக்குமா தரமாட்டாங்க?' பனியன் கம்பெனிப் பிள்ளைகள் வேறெப்படிக் கேட்பார்கள்! சம்பளம் வாங்காமல் யாராவது வேலைக்குப் போவார்களா என்று ஒரு பெண் கோபமாகவே கேட்டாள். கொஞ்ச நேரம் சண்டை போட்ட பிறகு ஒருவனுக்குப் பொறி தட்டியது. 'சார், அது பொம்மை!' அதன் பிறகு நடந்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அதே பாட்டை முதலிலிருந்து படிக்கச் சொல்லி அவர்களே கேட்டார்கள். பொம்மை என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு வரியும் வேறு மாதிரிச் சிரிப்பைத் தரும் அல்லவா, அதற்காக.

என்னைக் கேட்டால் சிரிப்புப் பாட்டில் வாத்தியார் செய்ய வேண்டிய பெரிய வேலை, வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான். எங்கே சிரிக்க வேண்டும் என்று நாம் காட்டிக் கொடுத்தால் பாட்டு அங்கேயே செத்துவிடும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. மொட்டைத் தலை, குண்டு, கருப்பு, திக்குவாய் என்று கேலி செய்கிற தெருப்பாட்டுகளும் பிள்ளைகள் வாயில் ஏராளம். அவற்றை வகுப்புக்குள் விட்டால் நாற்பது பேர் சிரிப்பார்கள், ஒரு பிள்ளை அழும். நான் சேர்ப்பதில்லை. "மழை வருது மழை வருது நெல்லு வாருங்க" பாட்டிலேயே எனக்கு ஒரு வம்பு வந்தது. சும்மா வருகிற மாமனுக்குச் சூடு வைக்கச் சொல்லும் வரியை, ஊரிலிருந்து மாமா வந்து இறங்கிய நேரம் பார்த்து ஒரு வாண்டு வாசலில் நின்று பாடியிருக்கிறான். அவன் அம்மா பள்ளிக்கு வந்து சொல்லிவிட்டுச் சிரித்ததால் பிழைத்தேன்.

உன் எட்டாம் வகுப்புக்குக் காளமேகப் புலவரின் சத்திரப் பாட்டைக் கொடுத்துப் பார். உங்கள் நாகப்பட்டினத்துச் சரக்குதானே. காத்தான் சத்திரத்தில் பொழுது சாயும்போது அரிசி வருமாம், குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடுமாம், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளியே முளைத்துவிடுமாம். மதிய உணவுக்கு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடத்து. பசியோடு கேட்டால்தான் அந்தப் பாட்டு ஏறும். சத்திரக்காரர் வந்து கெஞ்சியதும் அதே வரிகளைப் புகழ்ச்சியாக மாற்றிப் பொருள் சொன்னார் என்று ஒரு கதை உண்டே, அதை மறுநாளைக்கு வைத்துக்கொள். முதலில் திட்டை ரசிக்கட்டும்.

பொங்கல் விடுமுறைக்கு வேளாங்கண்ணி வருவதாக இருக்கிறோம், ஒருநாள் உன் வீட்டில்தான். உன் பள்ளியில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய என்றாயே, மீனையும் நண்டையும் கிண்டல் செய்து ஏதாவது பாட்டு வைத்திருப்பார்கள். கேட்டு எழுதி வை, தயவுசெய்து புரிகிற கையெழுத்தில். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நெத்திலிக் கருவாடு வாங்கி வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் ராசு