திரும்பி வராத படிவங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மேலத்தெரு வீட்டுக்கு ஆள் குடிவந்தாயிற்று. அதை அப்புறம் எழுதுகிறேன்.

போனில் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாய், வைத்துவிடுகிறாய். பொங்கலுக்குப் பிறகு உன் பிஎச்.டி. பேச்சே வரவில்லை. நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டால் "எமிஸில் பள்ளி விவரம் ஏற்றுகிற வேலை ஜாஸ்தி மாமா" என்கிறார். அவரிடம் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான்.

எதற்கும் கைடை ஒரு தடவை நேரில் போய்ப் பார். 2023இல் பதிந்தாய். ஆய்வேட்டை 3 வருஷத்துக்கு முன்னால் கொடுக்க முடியாது, 6 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கும் மேலே 2 என்று யு.ஜி.சி. விதியில் இருக்கிறது. பத்து வருஷம் கிடக்கிறதே என்று இருந்துவிடாதே. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு அதுதான் ஆபத்து. பள்ளிக்கூட வேலைக்கு நாளைக்கே கெடு, ஆராய்ச்சிக்கு மட்டும் எப்போதும் அடுத்த மாதம். படிக்க ஆட்சேபணை இல்லை என்று துறையிடம் அந்த என்.ஓ.சி. வாங்க நீ அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். ராத்திரி 12 மணிக்கு மேல் கண்விழிக்காதே. கைடைப் போய்ப் பார்.

போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூட்டத்தில் ஒருவர், "மேல்படிப்புக்கான ஊக்க ஊதியத்தை 2020 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்களே, அப்புறம் எதற்கு சார் உங்கள் மகளுக்கு டாக்டர் பட்டம்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பெண்கள் கூட்டத்தில் வாய் திறக்கிறார்களா, திறந்தால் தலைமையாசிரியர் காதுகொடுத்துக் கேட்கிறாரா? அதைத்தான் என் மகள் ஆராய்கிறாள்" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சித்தி மகள் வளைகாப்புக்குக் கோர்ஸ் ஒர்க் என்று சொல்லி நீ வராமல் இருந்தது சரியில்லை. கோர்ஸ் ஒர்க் முடிந்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குக் கணக்குத் தெரியாதா?

பொங்கலன்று திண்ணையில் உன் ஆராய்ச்சிக் கேள்விப் படிவக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "300 கொடுத்தேன் அப்பா, 170தான் திரும்பி வந்தது" என்றாய். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "மீதியை நாமே உட்கார்ந்து நிரப்பினால் ஆயிற்று" என்றேன். நீ சிரிக்கவில்லை. கட்டை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அம்மாவும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவள் ஏன் எழுந்து போனாள் என்று உனக்குத் தெரியாது. 2004இல் என் எம்.ஃபில்.லுக்கு 200 படிவம் கொடுத்தேன். 82 வந்தது. மீதியை முழுப் பரீட்சை லீவில் நானே நிரப்பினேன், நீலத்தில் ஒரு பேனா, கறுப்பில் ஒரு பேனா வைத்துக்கொண்டு. சிலவற்றில் இடது கையால் டிக் போட்டேன். அம்மா காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பட்டத்துக்கு வந்த ஊக்க ஊதியத்தில்தான் உன் ஹாஸ்டலுக்குப் பணம் கட்டினேன். 2022இல் எம்.ஃபில். படிப்பையே யு.ஜி.சி. எடுத்துவிட்டது என்று பேப்பரில் படித்தபோது, வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில், எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் அப்பாவின் பட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆராய்ச்சி ஆசையே வந்தது என்று பேசினாய். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

170 என்றால் 170ஆகவே இருக்கட்டும் பாப்பா. கைடிடம் அப்படியே சொல். அவர் போதாது என்றால், வராத பள்ளிகளின் பட்டியலை எனக்கு அனுப்பு. தென்காசிப் பக்கம் உள்ளவற்றுக்கு நானே பஸ்ஸில் போய் உட்கார்ந்து வாங்கி வருகிறேன். பேனா கொண்டுபோக மாட்டேன்.

ராத்திரி கண்விழிக்காதே.

அப்பா