செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கிக் கணிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் இதை மின்னஞ்சலில் பெறப்போகும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு நான்கு முறை கூடியது. பொங்கலோடு சேர்த்துப் புதிய உறுப்பினர் அறிமுகம் நடந்தது. பிப்ரவரியில் வெஸ்டர்ன் மிச்சிகன் அணி ஆடும் கலமசூ லாசன் அரங்குக்கு ஒரு பயணம். ஒரு வேனே போதுமானதாக இருந்தது. ஏப்ரல் 10, 12 தேதிகளில் செயின்ட் லூயிஸில் நடந்த ஃப்ரோசன் ஃபோர் (தேசியப் போட்டியின் அரையிறுதி, இறுதி) ஆட்டங்களை ஓர் உறுப்பினர் வீட்டில் கூடிப் பார்த்தோம். கோடைச் சுற்றுலா நடைபெறவில்லை. கோவில்பட்டியை நினைத்துக்கொண்டு சேர்ந்த இரண்டு புதியவர்களிடம் இது ஐஸ் ஹாக்கி என்று விளக்கப்பட்டது. அவர்கள் விலகவில்லை.

இனி கணிப்பு. சென்ற சீசனில் ஆண்கள் முதல் பிரிவில் 64 அணிகள் ஆடின. தேசியப் போட்டிக்குள் 16 அணிகள் போகும்: ஆறு கான்ஃபரன்ஸ் (அணிகளின் லீக்) சாம்பியன்களுக்கு நேரடி இடம், மீதி பத்து இடம் தரவரிசைப்படி. நம் விதிப்படி ஒவ்வொரு உறுப்பினரும் ஒவ்வொரு அணிக்கும் ‘பதினாறுக்குள் நுழையும்’ வாய்ப்பைச் சதவீதத்தில் எழுத வேண்டும். சொன்னதற்கும் நடந்ததற்கும் (நுழைந்தால் 1, இல்லாவிட்டால் 0) உள்ள இடைவெளியை வர்க்கப்படுத்தி, 64 அணிகளுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் மதிப்பெண். குறைந்தால் நல்லது. எதையும் யோசிக்காமல் எல்லா அணிக்கும் 25 சதவீதம் எழுதினாலே 0.1875 வந்துவிடும். இதைவிட மோசமாக வாங்கியவர்கள் மூவர். பெயர் சொல்லவில்லை.

மூவரும் விழுந்த குழி ஒன்றுதான்: ஜெர்சியைப் பார்த்துச் சதவீதம் எழுதியது. வடக்கு டகோட்டா எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் 2025இல் பதினாறுக்குள் வரவில்லை; மார்ச்சில் பயிற்சியாளரையே மாற்றிவிட்டார்கள். அந்த அணிக்கு 90 எழுதியவருக்கு அபராதம் 0.81. 60 எழுதியிருந்தால் 0.36தான். துணிந்து தவறினால் இங்கே வட்டி இரட்டிப்பு என்று ஒவ்வொரு செப்டம்பரும் சொல்கிறேன்.

சாம்பியன் யார் என்ற தனிப் போட்டியில் ஒருவர்கூட வெஸ்டர்ன் மிச்சிகனை எழுதவில்லை. இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் அணி! ஆனால் இதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. 2024இல் செயின்ட் லூயிஸ் புறநகரில் முதல் சுற்றிலேயே மிச்சிகன் ஸ்டேட்டிடம் ஓவர்டைமில் 5-4 என்று தோற்றுப் போன அணி அது. மறு ஆண்டு அதே ஊரில் பாஸ்டன் பல்கலையை 6-2 என்று வென்று முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களையும் பாருங்கள்: மினசோட்டா ஸ்டேட்டை ஓவர்டைமில் 2-1, மாசசூசெட்ஸை 2-1, டென்வரை இரண்டாவது ஓவர்டைமில் 3-2. ஓர் ஆட்டத்துக்கு 60 சதவீதம் வெல்லக்கூடிய வலுவான அணிகூட, தோற்றால் வெளியே என்ற முறையில் நான்கையும் தொடர்ந்து வெல்ல வாய்ப்பு 13 சதவீதம்தான். எனவே சாம்பியன் போட்டியைத் தனியே வைத்துச் சிரித்துக்கொள்வோம். மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டாம் என்ற என் தீர்மானம் இன்று மீண்டும் முன்வைக்கப்படுகிறது. சென்ற ஆண்டு அது ஒரு வாக்கில் தோற்றது. அன்று வராதவர்கள் ஆறு பேர்.

அடுத்து, கணிப்புத் தாள்: அணிகளை உறுப்பினர்கள் பங்கிட்டு நிரப்பும் பொதுக் கோப்பு; அது தரும் கணிப்புக்கும் மதிப்பெண் உண்டு. ‘செயலாளர் தாளைப் பிடித்துக்கொண்டு சுற்றுலாவை விட்டுவிட்டார்’ என்ற பேச்சு காதில் விழுந்தது. ஆகவே அந்தத் தாளில் என்ன வேலை நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது முறையாகும்.

முதல் வேலை, போனவர்களைக் கழிப்பது. ஓர் அணியின் கோல் பட்டியலை எடுத்து, படிப்பு முடித்தவர்கள், என்ஹெச்எல் (தொழில்முறை லீக்) ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள், போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் பட்டியல்) வழியே வேறு கல்லூரிக்குப் போனவர்கள் ஆகியோரின் பெயர்களை அடித்துவிட வேண்டும். மிஞ்சிய கோல்களை மொத்தக் கோல்களால் வகுத்தால் திரும்பி வரும் பங்கு கிடைக்கும். கேட்க எளிது. போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றவர்கள் உண்டு. ஜூலையில் ஒரே ஆட்டக்காரர் பழைய கல்லூரிப் பட்டியலிலும் புதிய கல்லூரிப் பட்டியலிலும் இருப்பார்; இரண்டு பக்கமும் எண்ணிவிட்டால் இல்லாத கோல்கள் முளைக்கும். கோவிட் காலத்தில் கல்லூரிக்கு ஆடக் கிடைத்த கூடுதல் ஆண்டை வைத்திருந்தவர்கள் அநேகமாக இந்த ஆண்டோடு முடிந்தார்கள். எனவே ‘சீனியர், ஆனால் இன்னும் ஓராண்டு பாக்கி’ என்ற பழைய குறிப்புகளை நம்பக் கூடாது.

இரண்டாவது, காலி வலைக் கோல்களைக் கழிப்பது. தோற்கிற அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே இழுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். 3-2ஆக முடிந்திருக்க வேண்டியது அப்போது 4-2, 5-2 ஆகிவிடும். இதை அப்படியே எண்ணினால் சுமாரான அணியும் பலசாலியாகத் தெரியும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி: கோல்கீப்பர். ஒரு சீசனில் 36 ஆட்டம், ஆட்டத்துக்கு 28 ஷாட் என்றால் சுமார் 1,000 ஷாட். 0.920 (அதாவது நூறு ஷாட்டில் 92) தடுக்கும் கோல்கீப்பர் 81 கோல் விடுவார், 0.900 தடுப்பவர் 101. அணி அடித்தது இரண்டு நிலையிலும் 110 என்று வைத்துக்கொள்வோம். அடித்ததன் வர்க்கத்தை, அடித்ததன் வர்க்கமும் வாங்கியதன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம். முதலாமவர் நின்றால் 0.648, அதாவது 23 வெற்றி. இரண்டாமவர் நின்றால் 0.543, அதாவது 19 அல்லது 20. பதினாறுக்கு உள்ளே வெளியே என்பதை இந்த நான்கு வெற்றிதான் தீர்மானிக்கிறது. ஆனால் சின்ன எண்ணிக்கையை நம்பக் கூடாது. எட்டு ஆட்டம் நின்று 200 ஷாட்டில் 0.935 வைத்திருக்கும் மாற்றுக் கோல்கீப்பர் விட்டது 13 கோல். இன்னும் ஐந்து பக் (ஆட்ட வட்டு) உள்ளே போயிருந்தால் அவர் வெறும் 0.910. எனவே ஷாட் குறைவாக உள்ளவரைச் சராசரி நோக்கி இழுத்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

தாள் தவறியதையும் சொல்கிறேன். புதிதாக வரும் கோல்கீப்பருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 0.900 போட்டிருந்தேன். வெஸ்டர்ன் மிச்சிகனில் ஹாம்ப்டன் ஸ்லுகின்ஸ்கி முதலாண்டு மாணவராக வந்து 0.920க்கு மேல் தடுத்தார். ஜூனியர் லீகில் ஃபார்கோ அணிக்கு அவர் ஆடியதை ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும். அந்த அணிக்குப் பொறுப்பேற்றவர் கடைசி வரை கட்டத்தை நிரப்பவில்லை. பாஸ்டன் பல்கலை இன்னொரு பாடம். மிகைல் யெகோரோவ் ஜனவரியில்தான் வந்து சேர்ந்தார், ஏப்ரலில் இறுதியாட்டத்தில் நின்றார். செப்டம்பர் தாளில் அவர் பெயரே இருக்க வாய்ப்பில்லை. பென் ஸ்டேட் தன் பிக் டென் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் தொடக்கத்தில் ஒரு வெற்றிகூட இல்லாமல் தவித்தது. கனெக்டிகட்டிலிருந்து போர்ட்டல் வழியே வந்த அர்செனி செர்கியேவ் வலையில் நிற்க, அதே கனெக்டிகட்டை ஓவர்டைமில் 3-2 என்று தாண்டி முதல் முறையாக ஃப்ரோசன் ஃபோருக்குள் போனது. இவை காரணமாக, ஜனவரி 10இல் ஒரு முறை கணிப்பைத் திருத்தலாம் என்ற புதிய விதியைச் செயற்குழு ஏற்றுள்ளது. டிசம்பர் கடைசியில் உலக ஜூனியர் போட்டிக்குப் போனவர்களும் அதற்குள் திரும்பியிருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தாளின் மதிப்பெண் உறுப்பினர் சராசரியைவிட நன்றாகவே இருந்தது. விவரம் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. 64 அணிகளில் 41ஐ ஒருவரே நிரப்பினார் என்பதும் அதே பலகையில் இருக்கிறது.

வருகிற 2025–26 சீசனுக்குப் பழைய தாள் அப்படியே உதவாது. கனடாவின் ஓஹெச்எல், டபிள்யூஹெச்எல், க்யூஎம்ஜேஹெச்எல் ஆகிய மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்களாகக் கருதிக் கல்லூரிகள் இதுவரை சேர்க்க முடியாமல் இருந்தது. 2024 நவம்பர் 7இல் கல்லூரி விளையாட்டு அமைப்பு எடுத்த முடிவால், 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தக் கதவு திறந்துவிட்டது. ஜூன் 6இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 18 உதவித்தொகை என்ற வரம்பு போய், 26 பேர் பட்டியல் என்ற வரம்பு வந்திருக்கிறது. தரவரிசைக்கும் பேர்வைஸ் என்ற கணக்கு முறை போய் என்பிஐ என்ற புது முறை வருகிறது. இரண்டிரண்டு அணியாக ஒப்பிடும் பழைய கணக்கு நம் தாளின் மூன்றாம் பக்கத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது. அந்தப் பக்கத்தை எழுத மூன்று வாரம் ஆனது.

கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட்டுக்கு வருகிறார் என்று ஜூலையில் அறிவிப்பு வந்ததிலிருந்து நம் வாட்ஸ்ஆப் குழுவில் வேறு பேச்சில்லை. டபிள்யூஹெச்எல்லின் மெடிசின் ஹாட் அணிக்கு 56 ஆட்டத்தில் 129 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தவர், சந்தேகமில்லை. ஜூனியர் புள்ளியைக் கல்லூரிக்குப் பாதியாகக் குறைப்பது நம் தாளின் வழக்கம். அப்படியும் 36 ஆட்டத்துக்கு நாற்பதுக்கு மேல் வருகிறது. ஆனால் செர்கியேவ் என்ஹெச்எல்லின் கால்கரியோடு கையெழுத்திட்டுப் போய்விட்டார். வலையில் புது ஆள். எதிரே மிச்சிகன் ஸ்டேட்டில் ஹோபி பேக்கர் விருது (சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு) வாங்கிய ஐசக் ஹவர்ட் போனாலும் போர்ட்டர் மார்ட்டோன் வருகிறார், வலையில் ட்ரே ஆகஸ்டின் இருக்கிறார். செயலாளரின் பென்சில் மிச்சிகன் ஸ்டேட்டின் ஊரான ஈஸ்ட் லான்சிங் பக்கமே சாய்கிறது. பாஸ்டன் காலேஜில் ஜேம்ஸ் ஹேகன்ஸ் தங்கினாலும் 30 கோல் அடித்த ரயன் லெனர்டும் கோல்கீப்பர் ஜேகப் ஃபௌலரும் இல்லை. பத்துக் கோப்பை வென்ற டென்வரில் மேட் டேவிஸ், ஜாக் டெவைன், ஸீவ் பூயம் மூவருமே இல்லை. வெஸ்டர்ன் மிச்சிகனில் அலெக்ஸ் பம்ப் போனாலும் ஸ்லுகின்ஸ்கி இருக்கிறார். இந்த முறையாவது அவர்களை மறக்க வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் செலவு ஏறக்குறைய எதிர்பார்த்தபடிதான்; கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்று மெலிந்திருக்கிறது. தணிக்கை நடந்துகொண்டிருக்கிறது. பட்டியலில் உள்ள 21 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 14. மீதி ஏழு பேரும் தாளைத் தவறாமல் கேட்டு வாங்குகிறார்கள் என்பது தாளின் தரத்துக்குச் சான்று என்றே எடுத்துக்கொள்கிறேன். அதில் நால்வர் கணிப்பை அக்டோபர் இரண்டாம் வாரம் அனுப்பினார்கள். சீசன் அக்டோபர் முதல் வாரமே தொடங்கிவிட்டது. இரண்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதற்குக் கணிப்பு என்று பெயர் இல்லை. கெடு செப்டம்பர் 28 இரவு 11.59, இந்த முறை கோப்பு தானே பூட்டிக்கொள்ளும்.

தலைவர், பொருளாளர், இடம் கொடுத்த நூலகத்தார், வேன் ஓட்டிய உறுப்பினர், ஏப்ரல் 10 இரவு இரண்டு ஓவர்டைம் முடியும்வரை சுண்டல் தீராமல் பார்த்துக்கொண்ட இல்லத்தார் அனைவருக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்புக்கு வேறு எவரேனும் முன்வந்தால் தாளின் கடவுச்சொல்லை இன்றே ஒப்படைக்கத் தயார். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். அரங்கம் அமைதியாக இருந்தது. அமெரிக்கன் இன்டர்நேஷனல் காலேஜ் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதால் அடுத்த சீசனில் 63 அணிகள். 21 பேரும் இருந்தால் ஆளுக்குச் சரியாக மூன்று. சந்தா கட்டிய 14 பேர் மட்டும் என்றால் ஆளுக்கு நாலரை. அந்த அரை அணியை யார் பார்ப்பது என்று பொதுக்குழுதான் சொல்ல வேண்டும். பங்கீட்டுப் பட்டியல் தேநீர் மேசையில் பேனாவோடு இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட்டுக்கு ஐந்து பேர் பெயர் எழுதியாயிற்று. அலாஸ்காவின் இரண்டு அணிகளுக்கும் லேக் சுப்பீரியருக்கும் இன்னும் ஒருவரும் இல்லை.