ரிச்சி ஸ்ட்ரீட் டீக்கடை அண்ணனுக்கு

போன சனிக்கிழமை, சென்னையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டின் டீக்கடையில் என்னிடம் பேச்சுக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி. பேர் கேட்கத் தோணலை, மன்னிச்சிடுங்க.

அப்பாவோட பழைய கம்ப்யூட்டர், உள்ளே இன்டெல் ஜி41 சிப்செட் இருக்கிற மதர்போர்டு. கடைக் கணக்கெல்லாம் அதில்தான். 2 ஜிபி ரேம் (கம்ப்யூட்டரோட தற்காலிக நினைவகம்) போதலைன்னு 4 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் வாங்கிப் போட்டேன். விடாமல் பீப் சத்தம், திரையில் ஒண்ணுமில்லை. ரப்பரால் தேய்த்தேன், ஸ்லாட் மாத்தினேன், போர்டில் இருக்கிற சின்ன பயாஸ் பேட்டரியைக்கூடக் கழட்டி மாட்டினேன். "போர்டே போச்சு சார்" என்றார்கள் சர்வீஸில்.

நீங்கதான் ரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஒரு பக்கம் மொட்டையா இருக்கு பாருங்க தம்பி. மொத்தமே 8 சிப்பு, ஒவ்வொண்ணும் 4 ஜிகாபிட், அதாவது அரை ஜிபி. ஜி41 ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட்டுக்கு மேல எடுக்காது. ரெண்டு பக்கமும் சேர்த்து 16 சிப்பு உள்ளதா வாங்குங்க" என்றீங்க. பழைய ரேம் குவியலில் தேடியும் கொடுத்தீங்க. டீக்காசு கொடுக்கக்கூட விடலை.

ராத்திரி மாட்டினேன். ஒரே ஒரு பீப், விண்டோஸ் வந்துடுச்சு. அப்பா கைதட்டினார்!

வர்ற சனிக்கிழமையும் அங்கேதான் நிற்பேன். டீ என் கணக்கு.