2 மணி நேரத் தூக்கக் கட்டுரைக்கு ஒரு தறிக்காரரின் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மாற்றுத் தூக்க முறைகள் பற்றி முழுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நாளைக்கு 2 மணி நேரம் தூங்கினால் போதும், மிச்ச நேரத்தில் படிக்கலாம், சம்பாதிக்கலாம், சாதிக்கலாம் என்று அதில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எங்கள் தறிக்கூடத்தில் சிரிக்காத ஆள் இல்லை. நான் கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறித் தூங்கியே தலை நரைத்துவிட்டது. தூக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தூங்குவதில் சங்ககிரி லாரி டிரைவர்களை விட்டால் எங்களை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் கட்டுரையாளர் செய்த பெரிய குழப்பம், தூக்கத்தைப் பிரிப்பதையும் தூக்கத்தைக் குறைப்பதையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியது. இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். 'ஊபர்மேன்' என்று ஒரு முறையைச் சொல்கிறார், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 20 நிமிடம், ஒரு நாளைக்கு 6 தடவை, ஆக மொத்தம் 2 மணி நேரம். 'எவ்ரிமேன்' என்பது கொஞ்சம் இரக்கமுள்ளது, ராத்திரி ஒரே மூச்சாக மூன்று மணி நேரம் போல, பகலில் மூன்று குட்டித் தூக்கம். அப்புறம் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் 'டைமாக்சியன்' முறை, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி. இதைப் பற்றி 1943இல் டைம் பத்திரிகையில் செய்தியே வந்தது. ஆனால் அதே செய்தியில் அவர் ஏன் அதை விட்டார் என்றும் இருக்கிறது: கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் மற்ற மனிதர்களைப் போலத்தான் தூங்குவோம் என்று அடம்பிடித்தார்களாம், இவர் நேரமும் அவர்கள் நேரமும் ஒத்துப்போகவில்லை. கட்டுரையாளர் முதல் பாதியை மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிட்டார்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் நம்பிக்கை என்னவென்றால், தூக்கத்தில் வேண்டிய பகுதி, வேண்டாத பகுதி என்று இருக்கிறது, உடம்பைப் பழக்கினால் படுத்தவுடனே வேண்டிய பகுதிக்கு நேராகப் போய்விடும் என்பது. அப்படி நடப்பதாக யாரும் நிரூபித்ததில்லை. தூக்கத்தின் ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். ராத்திரியின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியற்காலைப் பக்கம் கனவு வருகிற தூக்கம் அதிகம், இரண்டும் வேண்டும். 20 நிமிடத்தில் அலாரம் வைத்து எழுப்பினால் எந்தச் சுற்று முடியும்? 2021இல் அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை நியமித்த நிபுணர் குழு, இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி முறைகளால் நன்மை என்று சொல்ல ஆதாரம் இல்லை, உடம்புக்கும் மனசுக்கும் வேலைத்திறனுக்கும் கெடுதல்தான் தெரிகிறது, யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கட்டுரை எழுதுமுன் இதையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

எங்கள் வீட்டிலேயே இந்தக் கூத்து நடந்தது. அக்கா மகன் குரூப் தேர்வுக்குப் படிக்கிறான். போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "மாமா, இனிமே நான் ராத்திரி பகல்னு பிரிச்சுப் பார்க்கப் போறதில்ல, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இருபது நிமிஷம்தான்" என்றான். "பண்ணுடா பார்க்கலாம்" என்றேன். போனைப் பித்தளைச் சொம்புக்குள் போட்டு வைத்து அலாரம் அடிக்கவிட்டான், அப்போதுதான் சத்தம் பெரிதாகக் கேட்குமாம். நடுராத்திரியில் சொம்பு அலறும், வீடே எழுந்து உட்காரும், அவன் மட்டும் எழுந்திருக்க மாட்டான். முழித்திருக்கும் நேரத்தில் இந்திய அரசியலமைப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்து, அதே வரிக்கு மேலேயே மறுபடி மறுபடி அடிக்கோடு போட்டு அந்த இடத்தில் தாள் கிழிந்தே போயிருந்தது. கேட்டால், "தெளிவா இருக்கேன் மாமா" என்கிறான். கடைசியில் அக்கா சொம்பைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள், அத்தோடு அந்தப் படலம் முடிந்தது.

அவன் "தெளிவா இருக்கேன்" என்றது பொய் இல்லை, அவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் படுக்கவிட்ட ஆட்களுக்கு, கடைசியில், ஒன்றிரண்டு ராத்திரி கண்ணே மூடாதவர்களுக்கு வருகிற அளவுக்குக் கவனக்குறைவு வந்துவிட்டது. ஆனால் தூக்கம் வருகிறதா என்று அவர்களையே கேட்டபோது, கொஞ்சம்தான், சமாளிக்கிறோம் என்றார்கள். எங்கள் தொழிலில் இது தினமும் கண்ணுக்குத் தெரியும். ராத்திரி ஷிப்ட்டில் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், இழை அறுந்தால் அது ஆள் கண்ணில் படாது. எதிரில்தான் நிற்பான், கண் திறந்துதான் இருக்கும், தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் துணியை மடிப்புக்குப் போட்டு வெளிச்சத்தில் பிடிக்கும்போதுதான் நீளமாக ஒரு கோடு தெரியும், முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். அந்த நேரத்தில்தான் உடம்புச் சூடு ஒரு நாளிலேயே மிகவும் இறங்கி இருக்கும் என்று சொல்கிறார்கள். எத்தனை வருஷம் ராத்திரி வேலை பார்த்தாலும் அந்த இரண்டு மணி நேரம் அடங்காது.

சரி, பிரித்துத் தூங்குவது தப்பா என்றால், கிடையாது. வ.உ.சி. மார்க்கெட்டில் பூக்கடை போட்டிருப்பவர்களைப் பாருங்கள், உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவரும் சம்சாரிகளைப் பாருங்கள். ஊர் சீரியல் பார்க்கும் நேரத்தில் படுத்து, ஊர் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது எழுந்து, வியாபாரம் முடிந்து மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு தூக்கம் போடுவார்கள். இரண்டையும் கூட்டினால் ஏழு மணி நேரம் வந்துவிடும். யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை, செயலி இறக்கவில்லை. ரோஜர் எக்கர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், ஐரோப்பாவில் தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னால் ஜனங்கள் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்று ராத்திரியை இரண்டாகப் பிரித்துத் தூங்கியதற்குப் பழைய ஆவணங்களிலிருந்து நிறைய ஆதாரம் திரட்டியிருக்கிறார். தாமஸ் வேர் என்ற மருத்துவர் 1992இல் வெளியிட்ட சோதனையில், தினமும் 14 மணி நேரம் இருட்டில் வைக்கப்பட்டவர்கள் சில வாரத்தில் தானாகவே இரண்டு தவணையாகத் தூங்க ஆரம்பித்துவிட்டார்கள், நடுவில் ஒன்று முதல் மூன்று மணி நேரம் சும்மா அமைதியாக முழித்திருந்தார்கள். ஆனால் இதுதான் மனிதனின் இயற்கை என்று தீர்ப்புச் சொல்லிவிடவும் முடியாது. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், கரண்ட் இல்லாமல் வாழும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கப் பழங்குடிகள் பெரும்பாலும் ஒரே தவணையாகத்தான் தூங்குகிறார்கள் என்று தெரிந்தது. நடுராத்திரியில் முழிப்பு வந்தால் பயப்படாதீர்கள் என்ற அளவுக்கு வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

பிரித்துத் தூங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சேலத்துக்காரர்கள் 2012 மின்வெட்டுக் காலத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டோம். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது ஓடிப்போய்த் தறியைப் போடுவோம், போனால் அங்கேயே பாவு உருளைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுப்போம், ஃபேன் கிடையாது, கொசு பிடுங்கும், கண் சொக்கும்போது பல்பு எரியும், உடனே எழுந்து ஓடு. கணக்குப் பார்த்தால் படுத்திருந்த நேரம் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் மூக்கு நுனியில் கோபம், சின்ன விஷயத்துக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டை, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவில் கை அடிபடுவது சாதாரணம். துண்டு துண்டாகத் தூங்கியதைவிட, அடுத்த துண்டு எப்போது என்று தெரியாததுதான் ஆளைக் கொன்றது. பூக்கடைக்காரருக்கு மதியம் எத்தனை மணிக்குப் படுப்போம் என்று தெரியும், அவர் உடம்புக்கும் தெரியும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது கதை இல்லை, அது உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கடிகாரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வளைந்து கொடுப்பதும் இல்லை. 1938இல் கிளீட்மன் என்ற விஞ்ஞானியும் அவருடைய உதவியாளர் ரிச்சர்ட்ஸனும் கென்டக்கியில் மாமத் குகைக்குள் ஒரு மாதத்துக்கு மேல் தங்கி, நாளை 28 மணி நேரமாக்கி வாழ்ந்து பார்த்தார்கள். இளவட்டமான உதவியாளருக்கு அது பழகிவிட்டது, நாற்பதைத் தாண்டிய கிளீட்மனுக்குக் கடைசிவரை பழகவே இல்லை. எங்கள் கூடத்திலும் அப்படித்தான், சில பையன்கள் ராத்திரி ஷிப்ட்டை விரும்பிக் கேட்டு வாங்குவார்கள், சிலர் வருஷக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

குட்டித் தூக்கத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் இரண்டே வரிதான் இருந்தது, உண்மையில் இந்த விஷயத்தில் ஏழை பாழைக்குப் பிரயோஜனமான ஒரே பகுதி அதுதான். நாசா ஆய்வு ஒன்றில், நீண்ட தூர விமானிகளை முறை வைத்துத் தூங்கவிட்டபோது சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், விழிப்பும் வேலைத்திறனும் நன்றாகக் கூடியது. 1997இல் இங்கிலாந்தில் ரெய்னர், ஹோர்ன் என்ற இருவர் செய்தது இன்னும் சுலபம்: காபி குடித்துவிட்டு உடனே கால் மணி நேரம் கண்ணை மூடினால், எழும்போது காபி வேலை செய்ய ஆரம்பித்திருக்கும், வண்டி தடம் மாறுவது குறையும். தொப்பூர் கணவாயில் வண்டி இறக்குகிற டிரைவர்களுக்கு இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். ஏற்காடு மலையில் காபி விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி! ஒரே விஷயம், அரை மணியைத் தாண்டி ஆழ்ந்து போய்விட்டால் எழுந்தவுடன் சிறிது நேரம் மந்தமாக இருக்கும், அந்த நிலையில் ஸ்டியரிங்கையோ தறியையோ தொடக்கூடாது. அப்புறம், இது ராத்திரி தூங்காததற்கு ஈடாகாது. வலிப்பு உள்ளவர்கள் தூக்கத்தோடு விளையாடவே கூடாது, தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம்.

இஷ்டப்பட்டுத் தூக்கத்தைக் குறைப்பவர்களைப் பற்றி ஒரு பக்கம் போடுகிற நீங்கள், வேறு வழி இல்லாமல் குறைத்துக்கொள்பவர்களைப் பற்றி அரைப் பக்கமாவது போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007இலும் மறுபடி 2019இலும் ராத்திரி ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் வரவழைக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. இதற்காக ராத்திரி வேலையை நிறுத்த முடியாது, தறி நின்றால் அடுப்பு நிற்கும். ஆனால் செய்யக்கூடியது இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டாவில் ஒரு தாது உப்பு ஆலையில், வாரா வாரம் பின்னோக்கி மாற்றிக்கொண்டிருந்த ஷிப்ட்டைக் காலை, மாலை, ராத்திரி என்று முன்னோக்கித் திருப்பி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் மாற்றினார்கள். தொழிலாளிக்கும் சௌகரியமானது, உற்பத்தியும் கூடியது. 1982இல் வந்த ஆய்வு இது. மூன்று ஷிப்ட் ஓடுகிற நூல் மில்காரர்கள் காசு செலவில்லாமல் இதைச் செய்து பார்க்கலாம். எங்களைப் போல இரண்டு ஷிப்ட் ஓடுகிற கூடங்களில், நடுராத்திரிக்கு மேல் முறை வைத்து 20 நிமிடம் படுக்க ஒரு பாயும் ஃபேனும் போதும். துணியில் விழுகிற கோட்டுக்குப் பிடிக்கிற காசைவிட அந்தப் பாய் மலிவு.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒன்று. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை எங்களுக்கும்தான், கூழ் ஊற்றுகிற வரிசையில் நாங்களும் நிற்கிறோம். மைக்செட்டை மட்டும் பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நிறுத்தி வைத்தால், ராத்திரி தறி ஓட்டிவிட்டு வந்து படுத்திருக்கிற தெரு முழுக்க உங்களை வாழ்த்தும்.

கட்டுரைக்குத் தொடர்ச்சி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த தடவை நம் ஊர் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டாக்டர்கள் யாரையாவது கேட்டுப் போடுங்கள். கேட்க வேண்டிய கேள்வியையும் நானே தருகிறேன்: வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறவன் சர்க்கரை மாத்திரையை எந்த வேளைக்குப் போடுவது, காலையில் வேலை முடிந்து வெயிலில் வீட்டுக்கு வருகிறவன் கறுப்புக் கண்ணாடி போட்டால் பகலில் தூக்கம் வருமா, விடியற்காலை நாலு மணி டீயை எத்தனை மணிக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் எங்கள் கூடத்தில் தினமும் ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறித் தொழிலாளி,
கொண்டலாம்பட்டி, சேலம்.