“போலீஸ் படிப்பா?” என்று சிரித்தவர்களுக்கு

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

பொங்கல் விருந்தன்று ஒரு அண்ணா, பன்னிரண்டாவது படிக்கும் தன் மகள் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் கல்லூரியில் கிரிமினல் ஜஸ்டிஸ், அதாவது குற்றவியல் நீதி, படிக்கப் போகிறேன் என்கிறாள் என்று நொந்துபோய்ச் சொன்னார். “போலீஸ் படிப்பா?” என்று யாரோ கேட்க, பந்தி முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண் பாயசக் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருடமாக, வாரத்தில் இரண்டு இரவு நான் படிப்பதும் அதையேதான். கேட்டவர்களிடமெல்லாம் ‘ஈவினிங் கிளாஸ்’ என்று சொல்லிச் சமாளித்திருந்தேன். அன்று விழுங்கியதை இப்போது எழுதுகிறேன்.

நமக்கு முதலில் கணக்கு வேண்டும், சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் குடியிருப்புத் தகுதி உள்ளவர்களுக்கு அங்கே யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு அது) 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். புத்தகமும் பார்க்கிங்கும் தனி. அதைப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கான டிரான்ஸ்ஃபர் டிகிரியாக முடித்தால், கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் நிச்சயம். 2010இல் போட்ட சட்டம் அது. நாம் கேட்ட வளாகமே கிடைக்கும் என்று அது சொல்லவில்லை. இரண்டு வருடப் பட்டத்தோடு நின்றுவிட்டால் பெரிய வேலை காத்திருக்காது என்பதும் உண்மைதான். ஆனால் நாளைக்கே அவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். போலீஸ் அகாடமி வேறு, அதற்குக் குறைந்தது 664 மணி நேரப் பயிற்சி. 2022 முதல் இந்த மாநிலத்தில் போலீஸ் வேலைக்கு 21 வயதும் ஆகியிருக்க வேண்டும்.

சரி, அங்கே என்னதான் படிக்கிறோம்? முதல் செமஸ்டரில் கிடியன் வழக்கு. ஃபுளோரிடாவில் பில்லியர்ட்ஸ் போன்ற ஆட்டம் ஆடும் ஒரு பூல் ஹாலை உடைத்துத் திருடியதாகப் பிடிபட்ட ஏழை. வக்கீல் வைக்கக் காசில்லை, கேட்டும் கோர்ட்டு தரவில்லை. சிறையில் உட்கார்ந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. வக்கீலோடு நடந்த மறுவிசாரணையில் ஜூரி அவரை விடுவித்தது. இன்று இந்த நாட்டில் காசில்லாதவருக்கும் அரசு செலவில் வக்கீல் வந்து நிற்கிறார் என்றால், அதில் அந்தப் பென்சிலுக்குப் பங்குண்டு. சினிமாக் கதை போலிருக்கும், ஆனால் பரீட்சையில் கேட்கிறார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது டெர்ரி வழக்கு. 1968. கைது செய்யப் போதுமான காரணம் இல்லாவிட்டாலும், நியாயமான சந்தேகம் இருந்தால் போலீஸ் ஒருவரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி விசாரிக்கலாம். ஆயுதம் இருக்கலாம் என்று பட்டால் உடைக்கு மேலாகத் தடவிப் பார்க்கலாம் என்றது தீர்ப்பு. அதைப் படித்த இரவு அலபாமாதான் நினைவுக்கு வந்தது. 2015 பிப்ரவரி, மாடிசன் என்ற ஊர். குஜராத்திலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயதுக்காரர், மகன் வீட்டுத் தெருவில் காலை நடை போனார். யாரோ ஒரு ஆள் சந்தேகப்படும்படி சுற்றுகிறான் என்று போலீசுக்கு ஃபோன் போயிற்று. ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். தடவிச் சோதிக்கும்போது ஒரு அதிகாரி அவரைத் தரையில் வீழ்த்தினார். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை, கைகால் பழையபடி வரவில்லை. அதிகாரி மேல் அமெரிக்க மத்திய அரசு போட்ட வழக்கில் இரண்டு முறை ஜூரி ஒரு முடிவுக்கு வரமுடியாமல் போய், கடைசியில் நீதிபதியே அவரை விடுவித்தார்.

நம் வீடுகளுக்கு ஆறு மாதம் வந்து தங்கும் அப்பாக்களை நினைத்துப் பாருங்கள். என் அப்பா மங்கி கேப் போட்டுக்கொண்டு விடிகாலையில் கிளம்பிவிடுவார். ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்தையும் நின்று பார்ப்பார். போலீஸ் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “பக்கத்துல போய் ஐடி கார்டை எடுத்துக் காட்டுவேன்மா” என்றார், சட்டைப் பைக்குள் கையை விட்டபடி. அதை வகுப்பில் சொன்னேன். எங்கள் ஆசிரியர் ஓய்வு பெற்ற சார்ஜென்ட். கொஞ்ச நேரம் பேசவில்லை. பைக்குள் கை போவதைப் பார்த்தால் அதிகாரிக்கு முதலில் என்ன தோன்றும் என்று அவர் எனக்கு விளக்கினார். எங்கள் ஊரில் அது மரியாதை என்று நான் அவருக்கு விளக்கினேன். மறுவாரம் என் உதாரணம் அவருடைய ஸ்லைடில் ஏறியிருந்தது.

அந்த வகுப்பில் கிடங்கு வேலை முடித்து வருபவர்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்று முப்பது பேர். ‘உங்களில் யாரையெல்லாம் போலீஸ் நிறுத்தியிருக்கிறது?’ என்று முதல் நாள் கேட்டார்கள். கை தூக்காதவர்கள் நான்கைந்து பேர், அதில் நான் ஒருத்தி. அந்த அறையில் வயதில் மூத்தவளும் நானே, ஒன்றும் தெரியாதவளும் நானே.

குறையும் உண்டு. எங்களுக்குப் பாடம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் முன்னாள் போலீஸ்காரர்கள். இரண்டு வருடத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல் ஒருவர்கூட வந்து பேசவில்லை. அதனால் பாதி உண்மையைக் கோர்ட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். அங்கே ஸ்பானிஷ்காரர் ஒருவர், காதில் மாட்டிய கருவியில் மொழிபெயர்ப்பாளர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டினார். ஐந்து நிமிடத்தில் அடுத்த வாய்தா. ஆங்கிலம் புரியாமல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மொழிபெயர்ப்பாளர் என்பது இந்த மாநில அரசியல் சட்டத்திலேயே உள்ள உரிமை. அந்த மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் நம் பிள்ளைகளில் ஒருத்தி உட்காரக் கூடாதா? தமிழ்ப் பள்ளியில் நாம் அவளுக்கு ‘ழ’ சொல்லிக்கொடுத்தது மேடையில் ஒப்பிக்க மட்டும்தானா?

வரும் வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கவுண்டி கோர்ட்டு வாசலில் நிற்பேன். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கலாம், சீட்டு கீட்டு கிடையாது. பெல்ட்டையும் சாவியையும் தட்டில் போட வேண்டும், ஃபோனை அணைத்துவிட வேண்டும். அண்ணா, உங்கள் மகளையும் கூட்டி வாருங்கள். ஸ்கூலுக்கு லீவு லெட்டர் மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும், என் கையெழுத்து செல்லாது.

இப்படிக்கு,
இரண்டாம் நிலை வகுப்பு ஆசிரியை