பட்டாயா போகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நவம்பர் கடைசி வாரம் பட்டாயா என்று முடிவாகிவிட்டதாகச் சொன்னாய். மாதத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறாய். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாளில் அங்கே வானம் வெளுத்திருக்கும். காற்று என்னவோ ஒன்றுதான். நமக்கு அது வங்கக்கடல் மேலாக ஈரத்தோடு வருகிறது. பட்டாயாவுக்குத் தரை மேலாக வந்து காய்ந்து சேர்கிறது. அதே காற்று தாய்லாந்து வளைகுடாவைக் கடந்து எதிர்க்கரைப் பக்கமுள்ள சாமுய் தீவில் மழையாக இறங்கும். அதனால் அங்கேயும் இரண்டு நாள் போய் வரலாம் என்று யாராவது சொன்னால் இந்த மாதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடு. பட்டாயாவுக்கு மழை தென்மேற்கிலிருந்து வருவது; செப்டம்பர், அக்டோபரில்தான் கடற்கரைச் சாலையில் தண்ணீர் நிற்கும். ஊரின் பெயரே மழைக்காலத் தொடக்கத்தில் வீசும் அந்தக் காற்றின் பெயர்தான்.

சம்பந்தியம்மாவும் குட்டியும் கூட வருவதால் தங்குமிடத்தை முதலில் யோசி. இரவுக் கேளிக்கைத் தெருவான வாக்கிங் ஸ்ட்ரீட்டை ஒட்டிய தென் பட்டாயா வேண்டவே வேண்டாம். பாட்டுச் சத்தம் விடியும் வரை ஓயாது. வடக்கே நாக்லுவா, தெற்கே ஜோம்தியன், இரண்டுக்கும் நடுவில் பிரதும்னாக் குன்று, இந்த மூன்றில் ஒன்றைப் பார். என்னைக் கேட்டால் ஜோம்தியன். கரை நீளமானது, கூட்டம் கம்மி, காலையில் பெரியவர்கள் நடக்க நன்றாக இருக்கும்.

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தின் தரைத்தளத்திலிருந்தே பட்டாயாவுக்கு நேர் பஸ் உண்டு. தலைக்கு 150 பாட்டுக்குள் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) வரும், இரண்டு மணி நேரம். ஆனால் அது ஓட்டல் வாசலுக்கு வராது. சுக்கும்வித் நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் நிறுத்திவிட்டு ஜோம்தியனில் முடியும். இரவு விமானத்தில் தூங்காமல் வரும் வயதானவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு பெட்டியோடு இன்னொரு வண்டி தேட வேண்டாம். போகும்போது டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள், திரும்பும்போது பஸ். ஓட்டல் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் தருவார்கள். விடிகாலையில் இறங்கினால் அதுவரை பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பட்டாயாவில் ஒரே ஒரு இடத்தில் விலை கேட்கக் கூடாது. மற்ற எல்லா இடத்திலும் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

கேட்கக் கூடாத இடம் சோங்தேவ். கருநீல பிக்அப் வண்டி, பின்னால் இரண்டு வரிசை பெஞ்சு. அந்தப் பெயருக்கே இரண்டு வரிசை என்றுதான் பொருள். நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான். கடற்கரைச் சாலையில் வடக்கிலிருந்து தெற்காக மட்டும் போகும், அதற்கு இணையான இரண்டாம் சாலையில் தெற்கிலிருந்து வடக்காக மட்டும் வரும். ஆள் ஏறியிருக்கிற, ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைக் கை காட்டி நிறுத்திப் பேசாமல் ஏறு. இறங்க வேண்டிய இடம் வந்ததும் கூரையிலுள்ள பொத்தானை அழுத்து. இறங்கியபின் முன்பக்கம் போய் இடப்பக்க ஜன்னல் வழியாகத் தலைக்கு 10 பாட் கொடுத்துவிட்டு நட. பல வருஷமாக அந்தக் கட்டணம்தான். காலியாக நிற்கிற வண்டியிடம் போய் “அங்கே போக எவ்வளவு?” என்று கேட்டால், அந்த வண்டியையே வாடகைக்கு எடுப்பதாக அர்த்தம். அப்போது 100, 200 என்றுதான் சொல்வார்; அவர் கணக்கில் அது நியாயமும்கூட. சில்லறை இல்லாமல் 500 பாட் தாளை நீட்டுவதும் வம்பு. 10 பாட் நாணயம் குறைந்தது இருபது தனி பர்ஸில் வைத்துக்கொள். இரவு பத்துக்கு மேல், அல்லது சோங்தேவ் போகாத தெருவுக்கு, கிராப், போல்ட் செயலிகள் இருக்கின்றன. அதில் விலை முன்பே தெரிந்துவிடும்.

கோ லான் தீவுக்குக் கட்டாயம் போங்கள். நம் ஊர் டூர்காரர்கள் கோரல் ஐலேண்டு என்று சொல்வது அதைத்தான். ஆனால் அவர்களுடைய வேகப்படகுத் தொகுப்பில் போகாதே. படகின் முன்பக்கம் அலைமேல் எம்பி எம்பி விழும், முதுகுவலி உள்ளவர்களுக்குப் பெரிய ஆபத்து. வேறு வழியில்லாமல் ஏறினால் சம்பந்தியம்மாவைப் பின்பக்கம் மோட்டார் அருகே உட்கார வை. வழியில் நடுக்கடல் மேடையில் நிறுத்திப் பாராசெயிலிங், கடலடி நடை என்று ஒவ்வொன்றாக விற்பார்கள், பாதிக் காலை அங்கேயே போய்விடும்.

அதற்குப் பதில், வாக்கிங் ஸ்ட்ரீட்டின் தென்கோடியில் இருக்கிற பாலி ஹாய் துறையிலிருந்து பொதுப் படகில் போங்கள். தலைக்கு 30 பாட், முக்கால் மணி நேரம், ஆட்டம் குறைவு. நா பான் துறைக்கும் தவேன் கடற்கரைக்கும் தனித்தனிப் படகு, எது எங்கே போகிறது என்று பலகையைப் பார்த்து ஏறு. தவேனில்தான் வேகப்படகுக் கூட்டம் முழுக்க இறங்கும், பத்து மணிக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது. நா பானில் இறங்கி அங்கே நிற்கிற வண்டியில் சமே அல்லது தியன் கடற்கரைக்குப் போனால் தண்ணீர் தெளிவு, ஆரவாரம் குறைவு. சனி ஞாயிறில் பாங்காக் ஜனம் வந்துவிடும். செவ்வாய், புதன் போல ஒரு நாளாகப் பார்த்து, காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடி. நாலு மணிக்குக் கரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கடைசிப் படகு மாலை ஆறு வாக்கில். அதை நம்பினால் துறைக்கு வரும் வண்டிக்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தீவில் மாப்பிள்ளை ஸ்கூட்டர் எடுக்க ஆசைப்படுவார். ரோடு செங்குத்து, வளைவில் மணல் கிடக்கும், விழுகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டி அடிபட்டால் பயணக் காப்பீடு பணம் தராது. இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்.

நாற்காலி, குடை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் தீவில் காசு. உட்காரும் முன் கேள். ஜெட் ஸ்கீ பக்கம் போகவே வேண்டாம். திருப்பி விடும்போது, ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்கிற ஏமாற்று அந்தக் கரையில் பல வருஷமாக நடக்கிறது. மீறி எடுத்தால், ஏறும் முன் அடிப்பாகம் உட்பட நாலு பக்கமும் வீடியோ எடு, உரிமையாளர் முகமும் அதில் விழட்டும். பாஸ்போர்ட்டை அடமானமாக யாரிடமும் கொடுக்காதே, நகல் போதும். தகராறு என்றால் 1155, சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலம் பேசுவார்கள். ஆம்புலன்ஸுக்கு 1669.

சம்பந்தியம்மாவின் சாப்பாட்டுக்கு இதை மட்டும் மனப்பாடம் செய்: ஜே. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் เจ என்று போட்டிருக்கும் கடை சுத்த சைவம்; முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். வெறுமனே ‘வெஜிடேரியன்’ என்று கேட்டால் கறித்துண்டைத்தான் எடுப்பார்களே தவிர, மீன் சாஸ் உள்ளே இருக்கும். அதைத் தாய்க்காரர்கள் உப்பு மாதிரிதான் நினைக்கிறார்கள், ஏமாற்றுவதில்லை. குழம்பு விழுதிலேயே இறால் அரைத்திருக்கும், பப்பாளி சாலட்டான சோம் தம்மில் காய்ந்த இறால் இடித்துப் போடுவார்கள், பத் தாய் நூடுல்ஸிலும் அப்படித்தான். “மை ஸை நாம் ப்லா” என்றால் மீன் சாஸ் போடாதீர்கள் என்று அர்த்தம். “மை பெத்” என்றால் காரம் வேண்டாம். குட்டிக்கு அது தேவைப்படும். மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் சேர்ந்த தட்டு யாரும் பயமில்லாமல் சாப்பிடலாம். ஊரில் இந்திய உணவகங்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் தினமும் அங்கேயே போனால் செலவு ஏறும். நீயும் மாப்பிள்ளையும் ஒரு மாலை நாக்லுவாவின் லான் போ மீன் சந்தைக்குப் போங்கள். நண்டு, இறால், கணவாய் கிலோ கணக்கில் வாங்கினால் பக்கத்துக் கடையில் தனிக் கூலிக்குச் சுட்டுத் தருவார்கள். மீன் விலையையும் கூலியையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்.

பார்க்க வேண்டியவற்றில் ஒன்றைத்தான் வற்புறுத்துவேன்: நாக்லுவாக் கரையிலுள்ள சத்திய சரணாலயம். லெக் விரியாபன் என்ற செல்வந்தர் 1981-ல் தொடங்கிய மரக் கட்டடம், 105 மீட்டர் உயரம், உள்ளும் புறமும் ஒரு சாண் விடாமல் சிற்பம். உப்புக்காற்றில் மரம் அரித்துக்கொண்டே இருப்பதால் பழுதுபார்ப்பதும் செதுக்குவதும் முடிவதே இல்லை. அதனால்தான் உள்ளே போகிறவர்களுக்குத் தலைக்கவசம் தருகிறார்கள். பிரம்மா, விஷ்ணு, சிவன், பிள்ளையார், புத்தர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். சம்பந்தியம்மா அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார், அவசரப்படுத்தாதே. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பிரதும்னாக் குன்றின் 18 மீட்டர் புத்தரை மாலை வெயிலில் பாருங்கள், அரை மணி போதும். நோங் நூச் தோட்டம் தெற்கே தள்ளி இருக்கிறது. பனை போலத் தோன்றும் சைக்கட் செடிகளுக்காகவும் பனை வகைகளுக்காகவுமே ஒரு நாள் ஒதுக்கலாம். யானைச் சவாரியை விட்டுவிடு.

இரவு நிகழ்ச்சியை நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வரத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த தொழில் அது. மறைத்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. திருநங்கையர் ஆடும் டிஃபனி நிகழ்ச்சி 1974-லிருந்தும் அல்கசார் 1981-லிருந்தும் நடக்கின்றன. இரண்டும் குடும்பத்தோடு பார்க்கலாம். வெளியே வந்து படமெடுத்துக்கொண்டால் 100 பாட்டாவது கையில் கொடு, அது அவர்கள் உழைப்புக்கான கூலி. மதுக்கூடங்களில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். வடகிழக்கு மாகாணங்களிலிருந்து வந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். மாப்பிள்ளையின் நண்பர்கள் யாராவது சேர்ந்துகொண்டால் ஒன்று சொல்லி வை: மதுக்கூடத்தில் தொங்குகிற மணியை அடித்தால் அங்குள்ள எல்லோருக்கும் குடிக்க வாங்கித் தருவதாக அர்த்தம், பில் தன் தலையில் விழும்.

தாய்லாந்தில் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2025 மே முதல் அது கட்டாயம், கட்டணம் கிடையாது; காசு கேட்கிற தளம் போலி. மாப்பிள்ளையிடம் மின்சிகரெட் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும், அங்கே சட்டவிரோதம். ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிக்கும். அடிக்கடி எடுக்காமல் மொத்தமாக எடு. ரூபாயில் கணக்கிடவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்து.

ஓட்டலில் இறங்கியதும் தாய் எழுத்தில் அச்சிட்ட முகவரி அட்டை மூன்று வாங்கு. ஒன்று உன் கைப்பையில், ஒன்று சம்பந்தியம்மாவின் சுருக்குப்பையில். மூன்றாவதன் பின்பக்கம் உன் போன் எண்ணை எழுதிக் குட்டியின் சட்டைப்பையில் ஊக்கு குத்தி வை.

அன்புடன்,
அப்பா